ஈரோட்டு ஜவுளிக் கட்டிடமும் பக்கத்து காலி மனையும்: தீப் பாதுகாப்பில் எதை முதலில் செய்வது?

கேள்வி இதுதான். ஈரோட்டில் 1996-ல் கட்டிய தரைத்தளம் + 4 மாடிக் கட்டிடம். உயரம் சுமார் 16 மீட்டர், மாடிக்கு 300 சதுர மீட்டர். கீழே ஜவுளிக் கடை, முதல் மாடியில் அதன் குடோன், இரண்டாவதில் டியூஷன் சென்டர், மூன்றாவதில் அலுவலகங்கள், நான்காவதில் உரிமையாளர் வீடு. 1.2 மீட்டர் அகலத்தில் ஒரே படிக்கட்டு. பக்கத்து மனையில் ஸ்டில்ட் (தூண்கள் மேல் நிற்கும், வண்டி நிறுத்தும் திறந்த தளம்) + 5 மாடி புதிதாகக் கட்டப் போகிறார்கள். எக்ஸ்டிங்விஷர், ஸ்மோக் டிடெக்டர், ஹைட்ரண்ட் லைன் (ஹோஸ் மாட்டித் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்) என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எதை முதலில் வாங்குவது?

எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் படிக்கட்டின் கீழே போய் நின்று மேலே பாருங்கள்.

தமிழ்நாட்டில் அந்த வயதுக் கட்டிடங்கள் பலவற்றில் ஒரே காட்சிதான்: படிக்கட்டின் அடியில் இ.பி. மீட்டர் போர்டு, அதை ஒட்டி நாலைந்து டூவீலர், மூலையில் பழைய அட்டைப் பெட்டிகள், இப்போது புதிதாக சார்ஜில் நிற்கும் ஒரு மின்சார ஸ்கூட்டர். மேலே மொட்டை மாடிக் கதவில் பூட்டு. இதைவிட நல்ல புகைபோக்கியை யாரும் வடிவமைக்க முடியாது. தீப்பிடிக்க வாய்ப்புள்ள அத்தனையும் அடியில். தப்பிக்க இருக்கும் ஒரே வழி அதற்கு நேர் மேலே.

2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில் நடந்தது இதுதான். கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். புகை படிக்கட்டு வழியாக ஏறியது; 8 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத் திணறி. 2010 பிப்ரவரி 23-ல் பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 9 பேர் இறந்ததற்கும் தீயைவிட, மின் டக்ட் (மாடிக்கு மாடி கேபிள் ஏறும் செங்குத்துக் குழி) வழியாக மாடிகளில் பரவிய புகையே காரணம். துணி, ரெக்சின், ஃபோம், பிளாஸ்டிக் எரியும்போது வரும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் படிக்கட்டில் கை நீட்டினால் கை தெரியாது. தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வராது. ஆகவே திட்டத்தின் மையம் ஒன்றுதான்: கட்டிடத்தில் எங்கே எரிந்தாலும் படிக்கட்டுக்குள் புகை வரக் கூடாது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

பழைய கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். அதில்தான் வேலை அதிகம்.

மீட்டர் போர்டை வெளிச்சுவருக்கு மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். மாற்றவே முடியாது என்றால் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் எழுப்பி, வெளிப்புறம் பார்த்துத் திறக்கும் தீத்தடுப்புக் கதவு போட்டு, அதைத் தனி அறையாக்குங்கள். படிக்கட்டுப் பக்கம் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. டூவீலர் நிறுத்தம் வெளியே. மின்சார ஸ்கூட்டரின் சார்ஜிங் பாயின்ட் திறந்த வெளியில், கூரை மட்டும் போட்ட இடத்தில், தனி எம்சிபியோடு (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்). 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்தது நினைவிருக்கும்.

அடுத்தது, ஒவ்வொரு மாடியிலிருந்தும் படிக்கட்டுக்குத் திறக்கும் கதவுகள். குடோனுக்கு இப்போது இருப்பது இழுப்பு கிரில் கேட் என்றால் அது புகையை ஒரு விநாடிகூட நிறுத்தாது. அங்கே 2 மணி நேரத் தீத்தடுப்புக் கதவு வேண்டும். கதவு மட்டுமல்ல, அதே தரச் சான்றுள்ள கதவுச் சட்டம் (ஃபிரேம்), கீல், பூட்டு, தானாக மூடும் டோர் க்ளோசர், வெப்பத்தில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை எல்லாம் ஒரே தொகுப்பாக. சான்றுள்ள கதவை வாங்கி, ஆசாரியிடம் சொல்லிச் சாதாரண மரச் சட்டத்தில் மாட்டினால் அந்தக் காசு வீண். குடோன் சுவரில் படிக்கட்டை நோக்கி ஜன்னலோ வென்டிலேட்டரோ இருந்தால் செங்கல் வைத்து மூடிவிடுங்கள். சரக்கு ஏற்றி இறக்குபவர்கள் அந்தக் கதவுக்குக் கல் வைத்து நிறுத்துவார்கள், இது உறுதி. திட்டி ஒரு வாரம்கூட நிறுத்த முடியாது. காந்தத்தில் திறந்து நின்று, அலாரம் அடித்ததும் விட்டு மூடிக்கொள்ளும் வகைப் பிடிப்பானைப் போட்டால் கல்லுக்கு வேலை இருக்காது.

படிக்கட்டின் வெளிச்சுவரில், ஒவ்வொரு லேண்டிங்கிலும் குறைந்தது அரை சதுர மீட்டர் திறப்பு இருக்க வேண்டும். கட்டும்போது காற்று வர ஓட்டையுள்ள ஜாலிக் கற்கள் வைத்திருப்பார்கள். பிறகு புறாவுக்கும் சாரலுக்கும் பயந்து அக்ரிலிக் ஷீட் அடித்து மூடியிருப்பார்கள். ஷீட்டை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் பானிக் பார் போதும். வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது, உள்ளிருப்பவர் சாவி தேட வேண்டாம். தண்ணீர் டேங்க், துணி காயும் கொடி, திருட்டுப் பயம் என்று சொல்லும் எல்லாக் காரணங்களுக்கும் இதுவே பதில்.

இனி டக்ட். மின் கேபிள், இன்டர்நெட், ஏசி குழாய் எல்லாம் தரையைத் துளைத்துப் போகும் இடத்தில், ஒவ்வொரு மாடித் தளத்திலும் 2 மணி நேரம் தாங்கும் தீத்தடுப்பு மார்ட்டர் அல்லது போர்டு கொண்டு அடைக்க வேண்டும். தெர்மோகோல், சிமென்ட் சாக்கு, பியு ஃபோம் எதுவும் ஆகாது. சாதாரண பியு ஃபோம் தானே எரியும். பிவிசி குழாய் உருகி ஓட்டையாகிவிடும் என்பதால் அதைச் சுற்றி, சூட்டில் விரிந்து நெரிக்கும் காலர் வேண்டும். அடிக்கடி கேபிள் சேர்க்கும் இடங்களில் மார்ட்டருக்குப் பதில் தீத்தடுப்புப் பைகளை அடுக்குங்கள். எடுத்து, கேபிள் விட்டு, திரும்ப அடுக்கலாம். மார்ட்டர் போட்டால் அடுத்த மாதம் கேபிள்காரர் டிரில் போடுவார், ஓட்டை அப்படியே நிற்கும்.

முகப்பையும் பாருங்கள். கடை போர்டு, ஃப்ளெக்ஸ், ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய) ஷீட் என்று முதல் மாடி முதல் மூன்றாம் மாடி வரை ஜன்னல்களை மூடியிருக்கிறீர்களா? ஜவுளிக் கடைகளில் இது ஏறக்குறைய வழக்கமே ஆகிவிட்டது. புகை வெளியேற வழியில்லை, ஏணி சாத்தி ஆளை இறக்க வழியில்லை, வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் போர்டில்தான் படும். 2017 மே 31-ல் தி. நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை தீப்பிடித்தபோது, ஒரு நாளுக்கு மேல் எரிந்து கட்டிடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. துணிச் சரக்கு உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கான்கிரீட் பொரிந்து உதிர, உள்ளே இருக்கும் கம்பி 550 டிகிரிக்குப் பக்கத்தில் தன் வலுவில் பெரும் பகுதியை இழக்கும். மாடிக்கு இரண்டு ஜன்னலாவது தெருப்பக்கம் திறந்து மூடும்படி விடுவிக்க வேண்டும்.

இரண்டாவது படிக்கட்டு வேண்டுமா என்பதற்குக் கணக்கு போடலாம். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதிப்படி, கல்வி இடத்துக்கு ஒரு ஆளுக்கு 4 சதுர மீட்டர். 300-க்கு 75 பேர். படிக்கட்டில் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம்; 750 மில்லிமீட்டர் போதும். உங்களிடம் 1,200 இருக்கிறது. ஆனால் டியூஷன் சென்டரில் மாலை 6 மணிக்கு 75 பேரா இருப்பார்கள்? 120 பேர் உட்கார்ந்தால் அந்த 1,200 கடைசி மில்லிமீட்டர் வரை தீர்ந்தது. அகலத்தைவிட முக்கியமானது எண்ணிக்கை. ஒரே வழியில் புகை வந்தால் அகலம் எவ்வளவு இருந்தாலும் பூஜ்யம்தான். அந்தத் தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே உயரக் கட்டிடம் என்று கணக்கிட்டு இரண்டு படிக்கட்டு கேட்கிறது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் அந்தக் கோடு 18.30 மீட்டர். உங்கள் 16 மீட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாநில விதியில் தப்பித்தோம் என்று நினைத்தால், குடோனுக்கு நேர் மேலே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவோம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியிலும் குறுகலான படிக்கட்டு ஒரு காரணம்.

பின்பக்க இடைவெளியில் இடம் இருந்தால் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு போடலாம். உள்ளூர் திட்ட அனுமதியோடுதான். நேர்ப் படியாக 1.25 மீட்டர் அகலம், மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஏற்றம் 190-க்கு மிகாமல். சுருள் படிக்கட்டு வேண்டாம். 120 பிள்ளைகள் அதில் இறங்க முடியாது, 9 மீட்டர் உயரத்துக்கு மேல் விதியும் அனுமதிப்பதில்லை. அந்தப் படிக்கட்டை ஒட்டி எந்த மாடியின் ஜன்னல் இருந்தாலும் அடையுங்கள், இல்லையேல் முதல் மாடி ஜன்னலிலிருந்து வரும் தீ அதையே மூடிவிடும். மாடியிலிருந்து அங்கே போகும் வழி ஒருவருடைய பூட்டிய அறை வழியாகப் போகவும் கூடாது.

இடம் இல்லையா? அப்போது பயன்பாட்டை மாற்றுங்கள். குடோனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், டியூஷன் சென்டரை முதல் மாடிக்கு இறக்குவது எந்த உபகரணத்தையும்விட அதிகப் பாதுகாப்பு தரும், செலவும் குறைவு. கொட்டேஷனில் இது வராது, ஏனென்றால் இதில் விற்க ஒன்றும் இல்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. எல்லாத் தீக்கும் "ஷார்ட் சர்க்யூட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஷார்ட் ஆனால் எம்சிபி விழுந்துவிடும். பெரும்பாலும் எரிவது தளர்ந்த இணைப்பு. 10 ஆம்பியர் ஓடும் ஒரு முனையில் அரை ஓம் தடை ஏறினால் அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம், ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்ன். எம்சிபிக்குத் தெரிவது அதே 10 ஆம்பியர், விழாது. மின்கசிவைக் கண்டு விழும் ஆர்சிசிபிக்குக் கசிவு எதுவும் இல்லை, அதுவும் விழாது. அலுமினியக் கேபிளைத் தாமிரப் பஸ்பாரில் பைமெட்டல் லக் (இரு உலோகங்களையும் இணைக்கும் முனை) இல்லாமல் முறுக்கிய இடம், ஏசியின் 16 ஆம்பியர் பிளக், நியூட்ரல் பட்டை. இவைதான் வழக்கமான குற்றவாளிகள். வருடத்துக்கு ஒருமுறை, கடையில் முழு லோடு ஓடும் நேரத்தில், வெப்பக் கேமராவால் போர்டுகளைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து முனையைவிடப் பளிச்சென்று தெரியும் முனையை இறுக்கினால் போதும். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்து 32 போட்ட இடங்களையும் தேடுங்கள், உள்ளே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் இருக்கும்.

இப்போது கொட்டேஷனைப் பிரிக்கலாம்.

எக்ஸ்டிங்விஷர் எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் கையில் கிடைக்க வேண்டும். துணிக்கு 9 லிட்டர் தண்ணீர் வகையோ 6 கிலோ ஏபிசி பவுடரோ. மின் போர்டு அருகில் 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 6 கிலோ பவுடர் அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும், ஆகவே அது குப்பைத் தொட்டித் தீக்குத்தான், அடுக்கிவைத்த பேல் (துணிக் கட்டு) தீக்கு அல்ல. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருந்தாலும் உள்ளே பவுடர் கட்டி தட்டியிருக்கலாம். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து, பவுடர் நகர்கிறதா என்று காது கொடுங்கள். கார்பன் டை ஆக்சைடு வகைக்கு முள் கிடையாது, எடை போட வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் ரீஃபில். அதற்கு ஆயுள் 15 வருடம், மற்றவற்றுக்கு 10.

ஹோஸ் ரீலை (சுவரில் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய்) மொட்டை மாடி டேங்கிலிருந்து வெறுமனே இறக்கித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம். டேங்குக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் நான்காவது மாடியில் 0.3 பார், செடிக்கு ஊற்றலாம். மொட்டை மாடியிலேயே பூஸ்டர் பம்ப் வேண்டும், நிமிடத்துக்கு 450 லிட்டர் அளவில்.

குடோனுக்கு ஸ்பிரிங்க்ளர் (சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் சீலிங் குழாய்) போடலாம், போட வேண்டும் என்பது என் கருத்து. இருக்கும் கட்டிடத்தில் வரும் ஒரே தடை சம்ப். சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடையும். இந்த வகைச் சரக்குக்கு ஒரு தலை 12 சதுர மீட்டரைப் பார்த்துக்கொள்ளும், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் கொட்டும். தலைக்குக் கீழே அரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதம் பேல்கள் சீலிங் வரை போகும், அப்போது ஸ்பிரிங்க்ளர் இருந்தும் இல்லாததுதான். சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, அதற்கு மேல் அடுக்கக் கூடாது என்று கடை ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

சம்ப் ஒன்றே இருக்கிறது என்றால் வீட்டு உபயோகத் தண்ணீரோடு சேர்த்தே தீத் தண்ணீரையும் வைக்கலாம், உறிஞ்சும் குழாய்களின் உயரம் சரியாக இருந்தால். சம்ப் 3 × 5 மீட்டர் என்றால் தீக்கு ஒதுக்கும் 25,000 லிட்டருக்கு 1.67 மீட்டர் ஆழம். உபயோக மோட்டாரின் புட் வால்வை (உறிஞ்சும் குழாயின் அடி முனை) அந்த மட்டத்துக்கு மேலே வையுங்கள். தீ பம்பின் புட் வால்வு அடியில். யாரும் தவறே செய்யாவிட்டாலும் 25,000 லிட்டர் எப்போதும் மிஞ்சும். "குறையாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி கோடைக்காலத்தில் நிற்காது.

புதுக் கட்டிடத்துக்கு வருவோம். ஸ்டில்ட் + 5 என்றால் உயரம் 18.30-ஐ ஒட்டி நிற்கும். ஊர் முழுக்க அப்படித்தான் நிற்கின்றன, அதைத் தாண்டினால் உயரக் கட்டிட விதிகள் வந்துவிடும். கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், பின்னால் சேர்க்க முடியாதவற்றை இப்போதே வரைபடத்தில் வாங்கிவிடுங்கள்: இரண்டு படிக்கட்டு, அவை ஒன்றுக்கொன்று எதிர் மூலைகளில், லிப்ட் குழியும் படிக்கட்டும் ஒரே கூட்டுக்குள் இல்லாமல், மாடிக்கு மாடி அடைக்கத் தோதான தனி மின் டக்ட், தீத் தண்ணீருக்குத் தனி அறை உள்ள சம்ப். அந்தச் சம்பில் தண்ணீர் முதலில் தீ அறையில் விழுந்து, நிரம்பி வழிந்து உபயோக அறைக்குப் போகும்படி செய்தால் தேங்கி நாறாது. படிக்கட்டு ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் திறந்து முடியக் கூடாது. கார் எரிந்தால் வழி அங்கேயே அடைபடும். சுவரும் கதவும் வைத்து நேராக வெளியே விடுங்கள். டீசல் ஜெனரேட்டரும் எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டிடத்துக்கு வெளியே. சோலார் பேனல் போட்டால் மொட்டை மாடியில் நடை வழி விட வேண்டும். மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து டிசி ஒயரில் மின்சாரம் இருக்கும், அதைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் எங்கே என்று கீழே எழுதிவையுங்கள். தீயணைப்பு வண்டிக்குப் பாதை 6 மீட்டர், திரும்ப 9 மீட்டர் ஆரம். கேட்டுக்கு மேலே வளைவு கட்டினால் 4.5 மீட்டராவது காலி உயரம். சம்பின் மேல் மூடி வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். விதித் தொகுப்பு சொல்லும் கணக்கு 45 டன்.

டிடெக்டர், அலாரம், அவசர விளக்கு போன்றவற்றில் பெரிய நுட்பம் இல்லை, பிறகும் சேர்க்கலாம். சமையலறையில் மட்டும் ஸ்மோக் டிடெக்டர் வேண்டாம், ஹீட் டிடெக்டர் போடுங்கள். தாளிக்கும்போதெல்லாம் அலறினால் இரண்டாவது வாரம் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

பம்ப் அறையில்தான் அதிகம் ஏமாறுவார்கள். உச்சி மாடி ஹைட்ரண்டில் 3.5 பார் வேண்டும் என்றால் 35 மீட்டர். அதோடு கட்டிட உயரம் 18, குழாய் உராய்வுக்குச் சுமார் 10. மொத்தம் 63. அதற்குக் குறைந்த ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) உள்ள பம்ப் கொட்டேஷனில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அழுத்தத்தை 7 பாரில் வைத்தால், 6-க்கு இறங்கியதும் ஜாக்கி பம்ப் (சிறு கசிவை ஈடுகட்டும் சின்ன பம்ப்) ஓட வேண்டும், 5-ல் மெயின், 4-ல் டீசல். ஜாக்கி தானாக நிற்கலாம். மெயினும் டீசலும் தானாக நிற்கக் கூடாது, ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் கட்டிடத்தின் மெயினை அணைப்பார்கள். பம்பின் மின் இணைப்பு அந்த மெயின் சுவிட்சுக்குப் பிறகு எடுக்கப்பட்டிருந்தால் பம்பும் அங்கேயே நின்றுவிடும். சுவிட்சுக்கு முன்பிருந்து, தனி லைனாக, தீத்தாங்கும் கேபிளில் வர வேண்டும். இது கொட்டேஷனில் ஒரு வரி, ஆனால் பெரும்பாலும் விடுபடும் வரி.

பிறகு நடக்கும் கோளாறுகள் சிறியவை, ஆனால் மாறாதவை: பேனல் சுவிட்ச் "மேனுவல்" பக்கம் திரும்பியிருக்கும், டீசல் இன்ஜினின் பேட்டரி செத்திருக்கும், ஸ்பிரிங்க்ளர் லைனின் வால்வு ஏதோ பிளம்பிங் வேலைக்கு மூடப்பட்டு அப்படியே கிடக்கும், ஹோஸ் பெட்டியில் கன்மெட்டல் நாசில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வால்வுகளைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். டீசல் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டி நோட்டில் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் ஒப்பந்தக்காரரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: பேனலை ஆட்டோவில் விட்டு, கட்டிடத்தின் மெயின் சுவிட்சை அணைத்து, உச்சி மாடி ஹைட்ரண்டில் ஹோஸ் மாட்டித் திறக்க வேண்டும். கீழே யாரும் பம்ப் அறைப் பக்கம் போகக் கூடாது. மின் பம்ப் தன் லைனில் ஓடி, 3.5 பாரில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். அடுத்து மின் பம்பின் இணைப்பையும் துண்டித்து மறுபடி திறக்கச் சொல்லுங்கள். டீசல் தானாக ஓட வேண்டும். இரண்டும் நடந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.